புலியைக் காணாத புலி ஓவியர்

வரலாற்றுக் காலத்தில் புலி வாழ்ந்திராத நாடு ஜப்பான். ஆயினும் அந்நாட்டின் ஆலயங்களிலும் கோட்டை மண்டபங்களிலும் எழுதப்பட்ட புலிகளுக்குக் குறைவில்லை. சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த ஓவியங்களைப் பார்த்தே அங்குள்ள ஓவியர்கள் புலியை வரைந்தனர். சிறுத்தையே பெண்புலி என்ற தவறான எண்ணமும் நிலவியது. இப்பின்னணியிலேயே மருயாமா ஓக்கியோ என்ற ஓவியரின் வாழ்வை நாம் நோக்க வேண்டியுள்ளது.

1733ஆம் ஆண்டு தான்பா மாகாணத்தில் விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தவர் ஓக்கியோ. இளமையிலேயே கியோட்டோ நகருக்குச் சென்ற அவர், விளையாட்டுப் பொருட் கடையொன்றில் பணிபுரிந்தார். கண்ணாடி வில்லையினூடாகப் பார்ப்பதற்கான படங்களை அங்கு வரைந்தபோது, தூரத்தையும் ஆழத்தையும் காட்டும் மேனாட்டு முறை அவருக்குக் கைவந்தது. கானோ மரபைச் சேர்ந்த இஷிதா யூத்தேயிடம் முறையாகவும் பயின்றார்.

எனினும், முன்னோர் வரைந்ததைப் பிரதி செய்வதோடு அவர் அமைதி காணவில்லை. பறவை, பூச்சி, செடிகொடி ஆகியவற்றை நேரிற் கண்டு வரைவதையே தமது கலையின் அடித்தளமாகக் கொண்டார்.

அத்தகையவருக்குப் புலி பெரும் சோதனையாயிற்று. உயிருள்ள புலியைக் காண வழியில்லை. புலி ஓவியம் கேட்போரோ பலர். எனவே, வெளிநாட்டிலிருந்து வந்த புலித்தோலை ஆராய்ந்து, அதன் வரிகளையும் உரோமம் படிந்திருக்கும் திசையையும் வரைந்து பழகினார். உடலசைவுக்கு வீட்டுப் பூனையே அவருக்குத் துணையாயிற்று எனக் கருதப்படுகிறது. ஷிகோகு தீவின் கொத்தொஹிரா ஆலயத்தில் 1787இல் அவர் எழுதிய புலிகள், நீரருந்தும் புலி உட்பட, இவ்வுழைப்பின் சான்றுகளாகும். அவருடைய மாணவர் நாகசவா ரொசெட்சு 1786இல் முரியோஜி ஆலயத்தில் வரைந்த புகழ்பெற்ற புலியிலும் பூனையின் சாயல் தெளிவாகத் தெரிகிறது.

1795இல் ஓக்கியோ மறைந்தார். அவர் தொடக்கிய மருயாமா மரபு கியோட்டோவில் தொடர்ந்து வளர்ந்தது.

அவருடைய புலிகளில் குறை காண்பது இன்று எளிது. ஆனால், காணாத ஒன்றைப் பற்றிப் பிறர் சொன்னதையே திருப்பிச் சொல்லாமல், கைக்கெட்டிய சான்றுகளைத் தேடிச் சென்றவர் அவர். ஒரு தோலும் ஒரு பூனையும் சிறிய சான்றுகளே. அவற்றைப் பொறுமையுடன் உற்றுநோக்கிய நேர்மையே அவருடைய பெருமை என நாம் கருதுகிறோம். நேரிற் காணாதவற்றைப் பற்றி நாள்தோறும் பேசவும் எழுதவும் நேரும் நம் அனைவருக்கும் அதுவே அவர் விட்டுச் சென்ற பாடமாகும்.