இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மறுத்தவர்: அன்னை அன்னா டெங்கல்

என் பாட்டியின் அக்காள் தோட்டத்தில் பிள்ளைப்பேற்றின்போது இறந்து போனார். தோட்ட மருந்தகத்தில் டிரெசர் இருந்தார். ஆனால் அவர் ஆண். மருத்துவச்சி தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுக் கையை விரித்த பிறகும், டிரெசரை அழைப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேசிக்கொண்டே இருந்தார்களாம். அழைக்கலாம் என்று முடிவெடுத்தபோது பொழுது விடிந்துவிட்டது, உயிரும் போய்விட்டது. பாட்டி இதை எப்போது சொன்னாலும் யாரையும் குறை சொல்வதில்லை. அந்தக் காலம் அப்படி என்று முடித்துக் கொள்வார்.

அன்னா டெங்கல் என்ற ஆஸ்திரிய நாட்டுப் பெண்மணியைப் பற்றி வாசித்தபோது எனக்கு இந்தப் பெரிய பாட்டியின் நினைவுதான் முதலில் வந்தது. ஏனென்றால் அன்னாவின் வாழ்க்கை முழுவதும் இதே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. ஆண் மருத்துவரிடம் தம்மைக் காட்ட மறுக்கும் பெண்ணை யார் காப்பாற்றுவது?

நான் அவரை வந்தடைந்தது வேறு ஒரு வழியாக. மருத்துவக் காப்புறுதி பற்றி ஒரு பாடப்பணி எழுத வேண்டியிருந்தது. 2010-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதிபர் ஒபாமாவின் சுகாதாரச் சீர்திருத்தச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் பேரவை அதை எதிர்த்தது. கருக்கலைப்புக்குப் பொதுப்பணம் போய்ச் சேரும் என்பது ஆயர்களின் அச்சம். ஆனால் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய அருட்சகோதரி கேரல் கீஹன் அந்தச் சட்டத்தை ஆதரித்தார். பல துறவற சபைகளின் தலைவியரும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி ஆதரவு தெரிவித்தனர். மார்ச் 23-ஆம் நாள் சட்டத்தில் கையெழுத்திட்ட பேனாக்களுள் ஒன்றை ஒபாமா கேரல் கீஹனுக்கே கொடுத்தார். ஆயர்கள் ஒரு பக்கம், கன்னியர் மறுபக்கம். நோயாளியின் படுக்கையருகே நிற்கும் கன்னியருக்கும் சட்டம் வகுக்கும் பெரியவர்களுக்கும் இடையே இப்படிப்பட்ட இழுபறி இதற்கு முன்னும் நடந்திருக்கிறதா என்று தேடியபோதுதான் ராவல்பிண்டி வந்தது, அன்னா டெங்கல் வந்தார்.

அன்னா 1892 மார்ச் 16-இல் ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதியில் உள்ள ஸ்டீக் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தாயின் மரணம் அவர் மனத்தில் ஆறாத வடுவாக நின்றது என்றும், தாய்மார்களின் உயிர் மீது அவருக்கிருந்த அக்கறைக்கு அதுவே வித்து என்றும் அவரைப் பற்றி எழுதியவர்கள் கூறுகின்றனர். ஹால் நகரில் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தார். பிறகு பிரான்ஸின் லியோன் நகரில் ஜெர்மன் மொழி கற்பித்தார். இருபது வயதையொட்டிய அந்த நாட்களில்தான் ஆக்னஸ் மெக்லாரன் என்ற பெயர் அவர் கண்ணில் பட்டது.

இந்த மெக்லாரனைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். 1837-இல் எடின்பரோவில் பிறந்தவர். தந்தை நாடாளுமன்ற உறுப்பினர். பெண்களுக்குப் பிரிட்டனின் பல்கலைக்கழகங்கள் மருத்துவப் பட்டம் தர மறுத்த காலத்தில், பிரான்ஸின் மோன்பெலியே நகருக்குப் போய்ப் படித்து 1878-இல் மருத்துவரானார். அறுபது வயதைக் கடந்த பிறகு கத்தோலிக்கரானார். வட இந்தியாவில் முஸ்லிம் பெண்கள் திரைக்குப் பின்னால் வாழ்வதால் ஆண் மருத்துவர் அவர்களைத் தொட முடிவதில்லை, பிரசவத்தில் தாயும் பிள்ளையும் மடிகின்றனர் என்ற செய்தி அவரை உலுக்கியது. அவர் முயற்சியால் ராவல்பிண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று புனித கத்தரின் மருத்துவமனை உருவாயிற்று. கட்டடம் எழுந்துவிட்டது. மருத்துவர்தான் கிடைக்கவில்லை. அங்கே கன்னியர் இருந்தனர். ஆனால் கன்னியர் மருத்துவராகக் கூடாது!

இங்கே சற்று நின்று விளக்க வேண்டும். துறவிகளும் குருக்களும் பணத்துக்காக மருத்துவம் பார்ப்பதையும் அறுவை செய்வதையும் திருச்சபை 12, 13-ஆம் நூற்றாண்டுகளிலேயே தடுத்திருந்தது. அன்றைக்கு அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். மடத்தில் ஜெபிக்க வேண்டியவர் ஊர் ஊராக வைத்தியம் செய்து காசு சேர்த்தால் யார்தான் பொறுப்பார்கள்? ஆனால் காரணம் மறைந்த பிறகும் தடை நின்றது. 1917-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பும் ரோமின் சிறப்பு அனுமதியின்றி மருத்துவத் தொழில் கூடாது என்றே சொன்னது. அதிலும் கற்பு வார்த்தைப்பாடு எடுத்த கன்னியர் பிரசவ அறைக்குள் நுழைவது தகாது என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருந்தது. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி கொடுக்கலாம், புண்ணைக் கழுவிக் கட்டலாம், தாய்மார்கள் பிள்ளை பெறும் நேரத்தில் மட்டும் விலகிப் போக வேண்டும். திரைக்குப் பின்னால் வாழும் பெண் ஆணிடம் போகமாட்டாள். அவளிடம் போகக்கூடிய பெண்ணோ வேறொரு திரைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டிருந்தாள்.

மெக்லாரன் வயதான காலத்தில் பலமுறை ரோமுக்குப் பயணம் செய்து இந்தத் தடையை நீக்கும்படி மன்றாடினார். பதில் கிடைக்கவில்லை. இதற்கிடையே அன்னாவுக்கும் அவருக்கும் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. இந்தியாவில் மருத்துவம் பார்க்க பிரிட்டிஷ் அங்கீகாரம் உள்ள பட்டம் வேண்டும் என்று வழிகாட்டி, அயர்லாந்தின் கார்க் நகரில் படிக்கச் சொன்னவர் மெக்லாரன்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. 1913-இல் மெக்லாரன் காலமானார்.

அன்னா கார்க்கில் படிக்கத் தொடங்கிய சமயம் முதல் உலகப்போர் மூண்டது. ஆஸ்திரியப் பெண்ணுக்குப் பிரிட்டிஷ் மண்ணில் எதிரி நாட்டவர் என்ற பெயர். இருந்தும் படிப்பை விடவில்லை. 1919-இல் பட்டம் பெற்றார். போர் முடிந்தும் இந்தியா செல்ல உடனே அனுமதி கிடைக்காததால் இங்கிலாந்தில் வேலை பார்த்தபடி காத்திருந்தார். 1920-இல் ராவல்பிண்டி போய்ச் சேர்ந்தார்.

அவர் வேலை செய்த புனித கத்தரின் மருத்துவமனையை மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணிக் கன்னியர் நடத்தினர். இந்தச் சபையின் பிறப்பு நம் தமிழ் மண்ணோடு தொடர்புடையது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. இதை நிறுவிய பிரெஞ்சுக் கன்னி, பாடுகளின் மரியா அன்னை, 1865-இல் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தவர். அங்கு எழுந்த பிணக்கால் 1876-இல் இருபது கன்னியர் தங்கள் பழைய சபையை விட்டுப் பிரிந்து ஊட்டிக்குச் சென்றனர். 1877-இல் ரோம் புதிய சபைக்கு ஒப்புதல் தந்தது. பெட்டாலிங் ஜெயாவில் 1954-இல் தொடங்கப்பட்ட அசுந்தா மருத்துவமனையும் இதே சபையின் பணிதான். ஊட்டியில் தொடங்கி ராவல்பிண்டி வழியாக மலேசியா வரை நீண்ட கோடு இது.

ராவல்பிண்டியில் அன்னா ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் உழைத்தார். நாள் முழுதும் வரிசை. வீடுகளுக்கும் போக வேண்டும். ஒருவர் இரவு பகலாக உழைத்தாலும் கடலில் ஒரு குடம் நீர் மொண்டதுபோலத்தான் என்பது அவருக்குப் புரிந்தது. ஓர் ஆர்வமுள்ள பெண் மருத்துவர் வருவார், சில ஆண்டுகளில் திருமணமோ உடல்நலக் குறைவோ அவரைத் திருப்பி அழைத்துக்கொள்ளும். பணி தொடர வேண்டுமானால் வாழ்நாளைக் கொடுக்கும் ஒரு குழு வேண்டும். அதாவது கன்னியர் வேண்டும், அந்தக் கன்னியர் மருத்துவர்களாக இருக்க வேண்டும். சட்டமோ இரண்டில் ஒன்று என்றது.

அன்னாவுக்கும் துறவற வாழ்வில் நாட்டம் இருந்தது. பிரான்சிஸ்கன் சபையில் சேரவும் எண்ணினார். சேர்ந்திருந்தால் மருத்துவப் பையை மூடி வைத்திருக்க வேண்டியதுதான். இன்ஸ்புருக்கில் அவர் ஆலோசனை கேட்ட இயேசு சபைக் குரு ஒருவர், இருக்கும் சபையில் சேர்வதைவிடப் புதிதாக ஒன்றைத் தொடங்கலாமே என்ற எண்ணத்தை அவருக்குள் விதைத்தார். அன்னா அமெரிக்கா சென்றார். அங்கே மைக்கேல் மாத்திஸ் என்ற குருவின் துணை கிடைத்தது. பால்டிமோர் பேராயர் மைக்கேல் கர்லி அனுமதி தந்தார். எல்லா ஆயர்களும் ஒரே கல்லில் செதுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1925 செப்டம்பர் 30-ஆம் நாள் வாஷிங்டனில் நான்கு பெண்கள் ஒன்று சேர்ந்தனர். அன்னாவும் ஜோஹன்னா லயன்ஸும் மருத்துவர்கள், எவலின் ஃப்ளீகரும் மேரி உல்ப்ரிக்கும் செவிலியர்.

அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது, சற்றுக் குறும்பானதும்கூட. கன்னியர்போலவே ஒன்றாக வாழ்ந்தனர், ஜெபித்தனர், ஒரேவித உடை உடுத்தினர், வறுமையும் கீழ்ப்படிதலும் கடைப்பிடித்தனர். ஆனால் பகிரங்க வார்த்தைப்பாடு மட்டும் எடுக்கவில்லை. ஆகவே சட்டத்தின் பார்வையில் அவர்கள் கன்னியர் அல்லர், பக்தியுள்ள பெண்களின் சங்கம் மட்டுமே. கன்னியர் அல்லாதவரை, கன்னியருக்கான சட்டம் எப்படித் தடுக்கும்? 1927-இல் ராவல்பிண்டியில் திருக்குடும்ப மருத்துவமனையையும் தொடங்கினர்.

முதலில் வாசித்தபோது எனக்கு இது கோபத்தைத்தான் தந்தது. இவ்வளவு பெரிய அநியாயத்தை நேருக்கு நேர் எதிர்க்காமல் ஏன் இப்படிச் சுற்றி வளைத்துப் போக வேண்டும்? 2010-இல் அமெரிக்கக் கன்னியர் எழுதியதுபோல் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியிருக்கக் கூடாதா? பிறகு யோசித்துப் பார்த்தேன். 1925-இல் ஒரு பெண் ரோமோடு மோதியிருந்தால் சங்கமே கலைக்கப்பட்டிருக்கும், ராவல்பிண்டிப் பெண்ணுக்கு இருந்த மருத்துவரும் போயிருப்பார். அன்னா சண்டையைத் தவிர்த்தார், ஆனால் வேலையை நிறுத்தவில்லை. அது கோழைத்தனம் அல்ல என்று இப்போது எண்ணுகிறேன். இருந்தாலும் அந்தப் பதினொரு ஆண்டுகளில், மருத்துவர் எட்டாத ஊர்களில் இறந்துபோன தாய்மார்களின் கணக்கை யார் கொடுப்பது? அந்தக் கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

அன்னா தனியாக இல்லை. ஆந்திராவின் குண்டூரில் ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, 1920-களின் தொடக்கத்தில் திருத்தந்தை 15-ஆம் பெனடிக்டின் சிறப்பு அனுமதியோடு கன்னியாகவும் மருத்துவராகவும் பணியாற்றத் தொடங்கியிருந்தார். மெக்லாரனைப் பற்றிய ஒரு சிறு நூலை வாசித்துத்தான் அவரும் இந்தியாவுக்குப் புறப்பட்டவர். 1943-இல் குண்டூரில் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்துக்கு வித்திட்டவரும் அவரே. ஆனால் அவருக்குக் கிடைத்தது ஒருவருக்கான விதிவிலக்கு. அயர்லாந்தில் மேரி மார்ட்டின் என்ற பெண் ஆப்பிரிக்காவுக்காக ஒரு மருத்துவச் சபை அமைக்க இதே தடையால் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்.

1936 பிப்ரவரி 11-ஆம் நாள் அந்தக் கதவு திறந்தது. மறைப்பணி நாடுகளில் தாய்மாரையும் சிசுக்களையும் கன்னியர் கவனிக்கலாம், மருத்துவப் பட்டமும் செவிலியர் பட்டமும் பெறலாம், அதற்கென்று புதிய சபைகள் எழுவதும் வரவேற்கத்தக்கது என்று ரோம் அறிவுறுத்தல் வெளியிட்டது. தடுத்த கையே இப்போது தட்டிக் கொடுத்தது. மேரி மார்ட்டினின் சபை அடுத்த ஆண்டே நைஜீரியாவில் பிறந்தது. அன்னாவும் அவர் தோழியரும் முறையான துறவிகளாகும் வழியும் திறந்தது. மெக்லாரன் இறந்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்குப் பின் சபை விரைந்து வளர்ந்தது. பாட்னாவிலும் டில்லியிலும் திருக்குடும்ப மருத்துவமனைகள் எழுந்தன. 1948-இல் லொரேட்டோ மடத்தை விட்டு வெளியே வந்த அன்னை தெரசா, கல்கத்தாவின் சேரிகளுக்குப் போகுமுன் அடிப்படை மருத்துவம் கற்றுக்கொள்ளச் சென்றது பாட்னாவில் அன்னாவின் சகோதரியரிடம்தான். தம் சபையினர் சோறும் உப்பும் மட்டும் உண்டு வாழ வேண்டும் என்று அவர் எண்ணியபோது, நோயாளிக்குப் பணி செய்ய உடம்பில் தெம்பு வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர்களும் அவர்களே. உலகமே அறிந்த அன்னைக்குப் பாடம் சொன்னவர்களை உலகம் அவ்வளவாக அறியவில்லை.

அன்னாவிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று, தம் பணியை அவர் தருமம் என்று கருதவில்லை. மேலை நாடுகள் தாம் ஆண்டு சுரண்டிய மக்களுக்குப் பட்ட கடன், அதைத் திருப்பிச் செலுத்துகிறோம் என்பதே அவர் நிலைப்பாடு. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஓர் ஐரோப்பியப் பெண் இப்படி நினைப்பது எளிதன்று.

1967 வரை சபையை வழிநடத்திய அன்னா டெங்கல், 1980 ஏப்ரல் 17-இல் ரோமில் காலமானார். தடை விதித்த அதே ரோமில், வத்திக்கானை ஒட்டிய ஜெர்மானியர் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். ராவல்பிண்டி திருக்குடும்ப மருத்துவமனை இப்போது பாகிஸ்தானின் அரசு மருத்துவமனை.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த வாரம், உறவினர் ஒருவரைப் பார்க்க மவுண்ட் மிரியம் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பினாங்கில் 1970-களில் பிரான்சிஸ்கன் கன்னியர் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அது. பாட்டியும் உடன் வந்தார். நடைவழியில் மருத்துவர் ஒருவர் எங்களைக் கடந்து போனார். பெண். பாட்டி திரும்பி நின்று, அவர் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காளின் பெயரைச் சொன்னார்.