காத்திருப்போரைக் கணக்கிட்ட எர்லாங்

எர்லாங் என்னும் நிரல்மொழியைக் கணினித்துறை மாணவர் அறிவர். அப்பெயருக்குரிய மனிதரை அறிந்தோர் சிலரே.

டென்மார்க்கின் லோன்போர்க் என்னும் சிற்றூரில், பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாக 1878 சனவரி 1 அன்று பிறந்தவர் அக்னர் கிராரப் எர்லாங். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1901இல் பட்டம் பெற்றார். ஏழாண்டுகள் பள்ளிகளில் பாடம் நடத்தினார். கணிதச் சங்கக் கூட்டங்களில் தொலைபேசி நிறுவனத் தலைமைப் பொறியாளர் யென்சனைச் சந்தித்ததே திருப்பமாயிற்று. 1908இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். ஓர் ஊருக்கு எத்தனை தடங்கள் போதும் என்பதே அங்கு அவர் முன் நின்ற வினா.

நம் திருவண்ணாமலையை வைத்தே பார்ப்போம். இங்கிருந்து வெளியூருக்கு ஒரு மணி நேரத்தில் 60 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் எனக் கொள்வோம். மொத்தம் 180 நிமிடம். 3 தடங்கள் போதுமென மனம் சொல்லும். அழைப்புகளோ வரிசையில் நின்று வருவதில்லை. எர்லாங் 1917இல் வெளியிட்ட வாய்பாட்டின்படி, 3 தடங்களே இருப்பின் நூற்றுக்கு ஏறத்தாழ 35 அழைப்புகள் இடமின்றித் திரும்பும். 8 தடங்கள் இருப்பின் ஒன்றுக்கும் குறைவே.

அவர் அறைக்குள் மட்டும் இருந்து கணக்கிட்டவர் அல்லர். ஏணி சுமக்கும் தொழிலாளி உடன்வர, நகரத் தெருக்களின் நிலத்தடிக் குழிகளில் இறங்கி மின்கசிவை அளந்தார். மணம் புரியவில்லை. உதவி நாடி வந்தோர்க்கு ஓசையின்றிக் கொடுத்தார். கொடுப்பதை விளம்பரமாக்கும் இந்நாளில் இது நமக்கு வியப்பே. 1929 பிப்ரவரி 3 அன்று, 51ஆம் வயதில் மறைந்தார். 1946இல் தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. மேலே நாம் கண்டது 3 எர்லாங்.

1980களின் பிற்பகுதியில் சுவீடனின் எரிக்சன் ஆய்வகத்தில், தொலைபேசி நிலையங்களுக்கென உருவான சார்புநிலை நிரல்மொழிக்கும் அப்பெயரே அமைந்தது. அதில் எழுதுவோர் சாக்கெட் ஒன்றைத் திறந்து, குறித்த வாயிலில் அழைப்புக்குச் செவிசாய்த்திருக்கச் செய்வர். இணைப்பு வந்ததும் ஏற்று, அதற்கெனத் தனிச் செயலாக்கம் ஒன்றைத் தோற்றுவிப்பர். ஒன்று முறிந்தாலும் மற்றவை நடக்கும். வாட்ஸ்அப்பின் வழங்கிகள் இம்மொழியில் எழுந்தவையே.

ஒன்று கூறவேண்டும். அழைப்போர் ஒருவரையொருவர் சாராமல் அழைப்பர் என்பது எர்லாங் வாய்பாட்டின் அடிப்படை. கார்த்திகைத் தீபத்தன்று மாலை 6 மணிக்கு மலையில் சுடர் எழுந்ததும், கூடியுள்ள இலட்சக்கணக்கானோருள் மிகப் பலர் ஒரே வேளையில் கைப்பேசியை எடுப்பர். அவ்வேளையில் அந்த அடிப்படை நில்லாது. இணைப்புக் கிட்டாமைக்கு அவர் கணக்கைக் குறைகூறுதல் முறையன்று.