பம்பாய்க் கணித ஆசிரியர்

மீஞ்சூரிலும் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலும் பெண் குழந்தை பருவமெய்தினால் பந்தலிட்டு, ஊரைக் கூட்டி, மஞ்சள் நீராட்டுகிறோம். அவள் தேகத்தில் நிகழ்ந்தது யாதென்று அவளுக்கு எடுத்துச் சொல்ல மாத்திரம் நமக்கு நாக்கு எழுவதில்லை. பள்ளிக்கூடத்திலாவது சொல்லலாமென்றாலோ, கலாசாரம் போயிற்றென்று கூக்குரல் கிளம்புகிறது. அக்கூக்குரலைத் தனியாளாய் நின்று எதிர்த்த ஒரு மகாராஷ்டிரரின் சரித்திரத்தை நம் அன்பர்கள் அறிந்திருத்தல் நலம்.

ரகுநாத் தோண்டோ கார்வே 1882-இல் பிறந்தவர். விதவைகளின் கல்விக்கே வாழ்நாளை ஈந்த மகரிஷி கார்வேயின் மூத்த புதல்வர். பாரிஸ் வரை சென்று கணிதம் பயின்றவர். பம்பாய் வில்ஸன் கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். லண்டனில் மேரி ஸ்டோப்ஸ் அம்மையார் கர்ப்பத்தடை நிலையம் திறந்த 1921-ஆம் ஆண்டிலேயே, இவரும் பம்பாயில் ஒன்றைத் திறந்தார். இப்பிரசாரத்தால் உத்தியோகம் போயிற்று. அவர் சளைக்கவில்லை. 1927-இல் ‘சமாஜ ஸ்வாஸ்த்ய’ என்னும் மராத்தி மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். தேகக்கூறு, மேக நோய், கர்ப்பத்தடை, தம்பதியர் உறவு ஆகிய எதையும் மறைக்காமல் எழுதினார். அட்டையில் நிர்வாண மாதின் உருவத்தை அச்சிட்டது அநாவசியம் என்பதே நம் அபிப்பிராயம். பகைவர் கையில் தாமே ஆயுதத்தைக் கொடுத்துவிட்டார்.

வழக்குகள் வந்தன. 1931-இல் ஆபாச எழுத்தென்று 100 ரூபாய் அபராதம். 1934-இல் மீண்டும் வழக்கு. இம்முறை வாசகர் கேள்விகளுக்கு அவர் அளித்த விடைகளே குற்றமாயின. அவருக்காக வாதாட முன்வந்தவர் டாக்டர் அம்பேத்கர். இவ்விஷயத்தைப் பற்றி எழுதியதனாலேயே ஓர் எழுத்து ஆபாசமாகிவிடாது. சங்கடப்படுபவன் கேட்கிறான், அறிந்தவர் சொல்கிறார். சொல்லலாகாதெனில் பத்திரிகையை மூட வேண்டியதுதான் என்பது அவர் வாதத்தின் சாரம். கோர்ட்டு ஏற்கவில்லை. 200 ரூபாய் அபராதம் விழுந்தது. வக்கீல்கள் தோற்ற வழக்குகளைப் பேசுவதில்லை. இதை மாத்திரம் நாம் பேசியே ஆகவேண்டும்.

அதன் பின்னும் 19 ஆண்டுகள் பத்திரிகை வெளிவந்தது. 1953 அக்டோபரில் கார்வே காலமானார், பத்திரிகையும் நின்றது.

2024 செப்டம்பரில், குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள் பற்றி நம் சென்னை ஹைகோர்ட்டிலிருந்து சென்ற அப்பீலொன்றில், முழுமையான பாலியல் கல்வித் திட்டத்தை ஆலோசிக்கும்படி மத்திய சர்க்காருக்குச் சுப்ரீம் கோர்ட்டு யோசனை கூறிற்று. மீஞ்சூர்ப் பள்ளிகளில் அதை எவ்வகுப்பில், எந்த ஆசிரியையைக் கொண்டு தொடங்குவதென்று பெற்றோரைக் கூட்டிப் பேச வேண்டியதே பாக்கி.