நைட்டிங்கேல் அம்மையாரும் மனச்சான்றின் அளவுகோலும்

விளக்கேந்திய மாது என்று உலகம் போற்றும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை இரக்கத்தின் வடிவமாகவே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். அவர்தம் உள்ளத்தை அறுத்த வேதனையையும் நாம் அறிதல் வேண்டும்.

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில், செல்வமிக்க ஆங்கிலக் குடியிற் பிறந்தார். தாதியர் தொழிலை இழிந்ததெனக் கருதிக் குடும்பத்தார் தடுத்தனர். அவர் உறுதி தளர்ந்திலர். 1851-இல் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்றார். 1854-இல், கிரிமியப் போரின்போது, 38 தாதியருடன் ஸ்கூட்டாரி மருத்துவமனையை அடைந்தார். இரவு பகலாக உழைத்தும் மாண்டோர் தொகை பெருகிற்று. 1855 பிப்ரவரியில் நோயாளிகளுள் 100-க்கு ஏறக்குறைய 42 பேர் இறந்தனர். மார்ச்சில் அரசாங்கச் சுகாதாரக் குழுவினர் வந்து சாக்கடைகளைத் துப்புரவு செய்தனர். ஜூனில் அத்தொகை ஏறக்குறைய 2 ஆயிற்று.

1856-இல் தாய்நாடு திரும்பியவரை மக்கள் புகழ்ந்தனர். அப்புகழில் அவர் ஆறுதல் கொண்டிலர். உணவும் உடையும் போதாமையே சாவுக்குக் காரணமென முன்னர்க் கருதியிருந்த அவர், வில்லியம் பார் என்னும் புள்ளியியல் அறிஞரோடு கணக்குகளை ஆராய்ந்தார். பெரும்பாலோர் புண்ணால் அன்றித் தடுக்கத்தக்க நோயாலேயே மாண்டனர் என்பது தெளிவாயிற்று. தம் கண்முன்னே நிகழ்ந்தும் தாம் காணாத உண்மை அது! மறைத்தல் எளிது, அவரோ 1858-இல் அதனை வண்ணப் படமாக வரைந்து ஆட்சியாளர் அறிய வைத்தார். 1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பள்ளி கண்டார். 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள் மறைந்தார்.

கைகள் ஓயாது உழைத்தமையால் மட்டும் மனம் அமைதி கொள்ளலாகாது. நம் பணியால் பிறர் பிழைத்தனரா என்று எண்ணிப் பார்த்தலே மனச்சான்றை அளக்கும் கோலாகும். அக்கோலை அம்மையார் முதலில் தம்மீதே வைத்தார், நாமும் வைப்போமாக.