டீசல் என்று ஒரு மனிதர்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

சென்ற ஐப்பசியில் எங்கள் வீட்டில் ஒரு கணக்கு உதைத்தது. என் தந்தையார் வாழைத்தார் ஏற்றி ஓட்டும் பழைய டீசல் வேன், லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, 9 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. மேடு ஏறினால் கரும்புகை. முதலில் காட்டிய பட்டறையில், எஞ்சினையே பிரித்து ரிங், பிஸ்டன் எல்லாம் மாற்ற வேண்டும் என்று பெருந்தொகை கேட்டார்கள். வண்டியை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. வண்டி போனால் என் படிப்பும் அதன் பின்னாலேயே போகும் என்பது, எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத செய்தி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

அந்த நாட்களில்தான் நம் கல்லூரி நூலகத்தில் வெப்பவியல் நூல் ஒன்றில் ருடால்ஃப் டீசல் என்ற பெயரைக் கண்டேன். டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். நண்பர்களே, நகைக்க வேண்டாம்! உங்களில் எத்தனை பேருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரியும்?

அவர் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் பிழைப்புத் தேடி வந்த ஜெர்மானியர். தந்தை தோல் பொருள்கள் செய்யும் கைத்தொழிலாளி. 1870இல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டபோது குடும்பம் பாரிஸை விட்டு இலண்டனுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே வயிற்றுப்பாடே பெரும்பாடு. பன்னிரண்டு வயதுச் சிறுவனை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தனர். அவ்வுறவினர் கணித ஆசிரியர். சிறுவனுக்குப் படிப்பின் சுவை அங்கேதான் பிடிபட்டது.

1875இல் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. பெற்றோருக்கோ மகன் உடனே வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டும் என்ற விருப்பம். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் டீசல் கல்லூரிக்கே சென்றார். 1879இல் டைபாய்டு காய்ச்சலால் இறுதித் தேர்வைத் தவறவிட்டு, 1880 ஜனவரியில் எழுதி மிக உயர்ந்த தகுதியுடன் தேறினார்.

அக்கல்லூரியில் அவருக்குப் பாடம் நடத்தியவர், குளிர்பதன இயந்திரத்துக்குப் பேர்போன பேராசிரியர் கார்ல் லிண்டே. நீராவி எஞ்சினில் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்குதான் வேலையாக மாறுகிறது என்று ஒரு நாள் வகுப்பில் அவர் விளக்கினார். மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியாகவும் நீரிலும் வீணாகிறது. வகுப்பிலிருந்த மற்றவர்கள் இதைத் தேர்வுக்குரிய செய்தியாகக் குறித்துக்கொண்டிருப்பார்கள். டீசலுக்கோ அது வாழ்நாள் வேலையாகிவிட்டது. எண்ணெய் எங்கே போகிறது என்று என் தந்தையார் கேட்ட அதே கேள்விதான்!

அவர் கண்ட வழி, சொல்லிக்கொள்ள எளிது. காற்றை மட்டும் சிலிண்டருக்குள் அடைத்து மிகக் கடுமையாக அமுக்கினால் அது தானே பழுக்கக் காயும். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அமுக்கம் கூடக் கூட, அதே எண்ணெயிலிருந்து கிடைக்கும் வேலையும் கூடும். 1892இல் இதற்கு உரிமம் கோரி விண்ணப்பித்தார். மறு ஆண்டு உரிமமும் கிடைத்தது, ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையின் ஆதரவும் கிடைத்தது.

செய்துகாட்டுவதற்குத்தான் நான்கு ஆண்டுகள் பிடித்தன. 1893 ஆகஸ்ட் 10 அன்று நடந்த முதல் சோதனையில், உள்ளே எண்ணெய் பற்றிய கணமே அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. மற்றவராக இருந்தால் தோல்வி என்பார்கள். எண்ணெய் தானே பற்றுகிறது என்பதற்கு அதுவே சான்று என்று டீசல் எடுத்துக்கொண்டார். 1894 பிப்ரவரி 17 அன்று எஞ்சின் முதன்முறையாகத் தன் சொந்த ஆற்றலில், ஒரு நிமிடம் போலச் சுழன்றது. பிறகு மீண்டும் பிரிப்பு, மீண்டும் பூட்டல். எண்ணெயை உள்ளே சீராகத் தூவுவதுதான் பெருந்தொல்லை. பம்பால் நேரே பீச்சிப் பார்த்துச் சரிவராமல், அழுத்தக் காற்றின் துணையால் ஊதி அனுப்பினார்.

1897 பிப்ரவரி 17 அன்று மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் ஆக்ஸ்பர்க்குக்கு வந்து எஞ்சினைச் சோதித்தார். சோதனை என்றால் பேச்சன்று, அளவை. எவ்வளவு மண்ணெண்ணெய் செலவாயிற்று, எவ்வளவு வேலை கிடைத்தது என்று கணக்கெடுத்தார். ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 238 கிராம், வெப்பத்தில் 26.2 விழுக்காடு வேலையாக மாறியது. அன்றைய நீராவி எஞ்சின் எதுவும் இதற்கு அருகே வரவில்லை.

இதைப் படித்த பிறகுதான், எங்கள் வண்டியைப் பார்த்த இரண்டாவது மெக்கானிக்கின் அருமை எனக்கு விளங்கியது. அவர் முதியவர், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். எஞ்சினைத் தொடுவதற்கு முன் பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுழற்றினார். சக்கரம் ஒரு சுற்றுக்கூட ஓடவில்லை, பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. ஏர் பில்டரைக் கழற்றித் தட்டினார். செங்கல் சூளை போலத் தூசி. எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண்ணெய் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாக நெகிழ்த்தினார். மூன்று சிலிண்டர்களில் எஞ்சின் திணறியது. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் சத்தம் மாறவே இல்லை. அதன் நாசிலைக் கழற்றிக் கைப்பம்பில் மாட்டி அடித்தபோது, பனிபோலத் தூவ வேண்டிய எண்ணெய் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. காற்றுக் குறைவு, சொட்டும் எண்ணெய், அதனால் அரைகுறையாக எரிந்த கரும்புகை. கடைசியாக அமுக்கம் அளக்கும் கருவியைப் பூட்டிப் பார்த்தார். நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டின. ரிங் நன்றாகவே இருக்கிறது, பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வண்டி 12 கிலோமீட்டருக்கு மேல் கொடுக்கத் தொடங்கியது. ஷ்ரோட்டர் செய்ததும் இதுதானே என்று அன்றிரவு எனக்குத் தோன்றிற்று.

டீசலின் பிற்கால வாழ்வுக்கு வருவோம். பல நாட்டு நிறுவனங்கள் உரிமம் வாங்கின; ஓரிரு ஆண்டுகளில் அவர் பெருஞ்செல்வரானார். ஆனால் முழுமை பெறுமுன் விற்ற எஞ்சின்கள் பழுதாகித் திரும்பி வந்தன. ஆக்ஸ்பர்க்கில் அவர் பெயரில் தொடங்கிய தொழிற்சாலை நிலைக்கவில்லை. உரிமை வழக்குகள் வேறு. 1898இல் நரம்புத் தளர்ச்சியால் மருத்துவமனையில் தங்க வேண்டியதாயிற்று. மியூனிக்கில் மாளிகை கட்டினார். நிலங்களில் பணத்தைப் போட்டு இழந்தார். ஒரு துளி எண்ணெய் எங்கே போகிறது என்று தேடிக் கண்டவருக்குத் தம் கைப்பணம் எங்கே போகிறது என்று பார்க்கத் தெரியாமற் போனது விந்தை. இதற்கிடையே அவருடைய எஞ்சின் மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது. 1912இல் டென்மார்க்கின் செலாண்டியா என்ற கப்பல் டீசல் எஞ்சினாலேயே கடல் கடந்தது.

1913 செப்டம்பர் 29 அன்று மாலை ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். நண்பர்களுடன் உணவருந்திவிட்டு, காலை 6.15 மணிக்கு எழுப்பச் சொல்லி அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாக இருந்தது. படுக்கையில் யாரும் படுத்த அடையாளம் இல்லை. அவருடைய தொப்பியும் மேலங்கியும் கப்பல் தளத்தில் கிடந்தன. பல நாட்கள் கழித்து, டச்சுக் கப்பல் ஒன்று கடலில் மிதந்த உடலிலிருந்து எடுத்துத் தந்த மூக்குக் கண்ணாடிக் கூடு முதலிய சிறு பொருள்களை, மகன் அடையாளம் காட்டினார். கடன் மிகுந்திருந்தது பின்னர் தெரிந்தது. தற்கொலை என்பாரும் உண்டு, கொலை என்பாரும் உண்டு. ஐயம் இன்றும் தீரவில்லை. அப்போது அவருக்கு வயது 55.

இந்தக் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். வண்டிச் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டே கேட்டார். அந்த மனிதர் லாரி வைத்திருந்தாரா என்று விசாரித்தார். டீசல் லாரிகள் விற்பனைக்கு வந்ததே 1920களில்தான், அவர் இறந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு என்றேன். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, முன்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு குயர் நோட்டை எடுத்து, அன்று போட்ட எண்ணெயையும் மீட்டர் காட்டிய கிலோமீட்டரையும் என்னை எழுதச் சொன்னார். அது வரை அவர் அந்தக் கணக்கை மனத்திலேயே வைத்திருந்தவர்.