பட்டறைப் பையன் பிரவுனிங்

அமெரிக்காவின் ஆக்டன் நகரில் 1855-ல் பிறந்தவர் ஜான் மோசஸ் பிரவுனிங். தந்தை துப்பாக்கித் தொழிலாளி. பத்து வயதிலேயே, பட்டறை மூலையில் கிடந்த உதவாத குழலை மரக்கட்டையில் பொருத்திச் சுடக்கூடிய துப்பாக்கியாக்கினார்.

1878-ல் அவர் வடிவமைத்த ரைபிளின் உரிமையை, 1883-ல் வின்செஸ்டர் கம்பெனி 8,000 டாலருக்கு வாங்கியது. பெரிய துப்பாக்கிகளால் பேரெடுத்த பிறகும், மலிவுச் சரக்கை அவர் அலட்சியம் செய்யவில்லை. 1899-ல் வெளிவந்த, .22 தோட்டா போடும் போல்ட் ரைபிள் அவர் வடிவமைத்ததே. உறுப்புகள் குறைவு, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. போல்ட்டைப் பூட்டியபின் அதன் குமிழைக் கையால் இழுத்தால்தான் சுடும். கைதவறி வெடிக்கும் ஆபத்து குறைவு. அதையே திருத்திக் கம்பெனி 1902, 1904 மாடல்களை விற்றது.

1926-ல் பெல்ஜியத்தின் லியேஜ் ஆலையில், வேலையில் இருந்தபோதே நெஞ்சுவலி கண்டு காலமானார். அவர் பெயரில் 128 காப்புரிமைகள். தொடக்கம் அந்த உதவாத குழல்தான்.