பீத்தோவனின் இசையும் இல்லமும்

தம் வாழ்வில் காணாத இன்பத்தை ஒரு கலைஞர் பிறர்க்கு வழங்க இயலுமா? இவ்வினா எழும்போதெல்லாம் நம் நினைவிற்கு வருபவர் ஜெர்மானிய இசைமேதை லுட்விக் வான் பீத்தோவன். மேலைநாட்டு இசையில் நமக்குப் பயிற்சி இல்லை. எனினும் 35 ஆண்டுகள் பிள்ளைகளோடு பழகிய நம்மை அவருடைய வரலாறு பெரிதும் கலங்கச் செய்தது.

ரைன் ஆற்றங்கரையிலுள்ள பான் நகரில் 1770-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் பிறந்தார். தந்தையார் அரசவைப் பாடகர்; குடிப்பழக்கத்திற்கு ஆட்பட்டவர். சிறுவன் மோட்சார்ட் பெற்ற புகழைத் தம் மகனும் பெறவேண்டும் என்னும் ஆசையால், அடித்தும் அழவைத்தும் இசை பயிற்றினார். 1787-இல் அன்னையார் காசநோயால் மறைந்தார். 18 வயதில் பீத்தோவன் தந்தையின் ஊதியத்தில் பாதியைத் தம்மிடம் வழங்குமாறு அரசவைக்கு விண்ணப்பித்து, தம்பியர் இருவரையும் காக்கும் பொறுப்பை ஏற்றார். 1792-இல் வியன்னா சென்று ஹெய்டனிடம் பயின்றார். சில ஆண்டுகளிலேயே பியானோ வாசிப்பில் பெரும்புகழ் எய்தினார்.

முப்பது வயதை எட்டுமுன்னரே அவர் செவி மந்தமாகத் தொடங்கிற்று. இசைவாணர் ஒருவர் தமக்குக் காது கேளாது என எங்ஙனம் வெளியில் சொல்வார்? மக்கள் கூடும் இடங்களைத் தவிர்த்தார். அருகிருந்தோர் அவரைச் செருக்குடையவர் என்றனர். 1802 அக்டோபரில், வியன்னாவை அடுத்த ஹைலிகன்ஸ்டாட் என்னும் சிற்றூரிலிருந்து தம்பியர்க்கு ஒரு மடல் எழுதினார். உடனிருந்தவர் தொலைவில் குழலிசை கேட்டு மகிழ, தமக்கு எதுவும் கேளாத துயரையும், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியதையும், தம்முள் இருக்கும் இசையனைத்தையும் வெளிப்படுத்தாமல் உலகை விட்டுச் செல்ல மனம் ஒப்பாததையும் அதில் கூறினார். அம்மடலை அவர் அனுப்பவே இல்லை. இறந்தபின் அவர்தம் தாள்களிடையே கண்டெடுக்கப்பட்டது. கலை அவரைச் சாவினின்று மீட்டது என்பதில் ஐயமில்லை. மகிழ்ச்சியைத் தந்ததா என்பது வேறு வினா.

இல்லறம் காண அவர் பெரிதும் விழைந்தார், மணம் கைகூடவில்லை. 1815 நவம்பரில் தம்பி காஸ்பர் காசநோயால் இறந்தார். அவர் மகன் கார்லுக்கு அப்போது 9 வயது. தாய் யோஹன்னாவும் பெரியப்பாவும் ஒற்றுமையாயிருந்து பிள்ளையை வளர்க்க வேண்டும் என்று தம்பி தம் உயிலின் இணைப்பில் எழுதி வைத்திருந்தார். பீத்தோவன் அதற்கு இசையவில்லை. அத்தாய் ஒழுக்கங்கெட்டவள் எனக் கூறி நீதிமன்றம் ஏறினார். வழக்கு 1820 வரை நீண்டு, பிள்ளை இறுதியில் அவர்வசமாயிற்று. இடையில், 1818-இல், 12 வயதுச் சிறுவன் தாயிடம் ஓடிப்போனான். காவலர் துணைகொண்டு மீட்டு வரப்பட்டான்.

நாம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்றபோது, பிள்ளையின் எதிரில் அதன் தாயைப் பழிக்கலாகாது என்று முதிய ஆசிரியை ஒருவர் அடிக்கடி வலியுறுத்துவார். அவ்வுரையின் உண்மையைப் பின்னர் வகுப்பறையில் பலமுறை கண்டோம். பீத்தோவன் அன்பில்லாதவர் அல்லர். தம்மை அவனுடைய தந்தை என்றே எழுதிக்கொண்டார். கையில் பணமில்லை என்று முறையிட்ட நாளிலும், வங்கிப் பங்குகளை அவனுக்கெனக் காத்து வைத்தார். ஆனால் செலவிற்குக் கணக்குக் கேட்டார். அவன் தோழரை ஐயுற்றார். கடிந்துகொண்டபின் மன்னிப்பு வேண்டிக் கடிதமும் எழுதினார்.

அவர்தம் இசைக்குறிப்பேடுகள் இன்றும் உள்ளன. அவற்றில்தான் எத்தனை அடித்தல், எத்தனை திருத்தம்! ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் வரும் மகிழ்ச்சி மெட்டைச் சிறு குழந்தையும் பாடிவிடும். அவ்வெளிமையை அடைய அவர் மீண்டும் மீண்டும் எழுதிப் பார்த்திருக்கிறார். தாளின்மீது தம் பிழையை இத்துணைப் பொறுமையோடு களைந்தவர்க்கு, வளரும் பிள்ளையிடம் அப்பொறுமை வாய்க்கவில்லையே என்பதுதான் நம் வருத்தம்.

மகிழ்ச்சியைப் போற்றிக் கவிஞர் ஷில்லர் 1785-இல் இயற்றிய பாடலுக்கு இசையமைக்க வேண்டும் என்பது அவருடைய இளமைக்கால விருப்பம். 1824 மே 7 அன்று வியன்னாவில் அது நிறைவேறியது. அதற்குள் செவி முற்றிலும் பழுதுற்றிருந்தது. காண வருவோர் ஏட்டில் எழுதிக்காட்டியே அவரோடு உரையாடி வந்தனர். மேடையில் அவர் நின்றார். குழுவினரோ மற்றொரு நடத்துநரின் கையசைவையே பின்பற்றினர். அவையோரின் ஆரவாரம் எழுந்ததை அவர் அறியவில்லை. பாடகி கரோலின் உங்கர் அவரைத் தொட்டு அவையின் பக்கம் திருப்பினார். கேட்க முடியாதவர் காணட்டும் என்று மக்கள் கைக்குட்டைகளை வீசிக் காட்டினர். உலகத்தார் அனைவரும் உடன்பிறப்பாவர் என்னும் பொருளுடைய அப்பாடல் ஒலித்த நாளிலும், தம்பி மனைவியோடு அவருக்கிருந்த பகைமை தீர்ந்தபாடில்லை. தமக்குக் கிட்டாததைத்தான் அவர் அவ்வளவு தெளிவாக இசைத்தார் போலும்.

1826-ஆம் ஆண்டுக் கோடையில் கார்ல், வியன்னாவிற்கு அப்பாலுள்ள பாழடைந்த கோட்டை ஒன்றிற்குச் சென்று தன்னைத் தானே சுட்டுக்கொண்டான். வயது 19. உயிர் பிழைத்தான். காயத்தோடு கிடந்தவன் தன்னைத் தாயின் வீட்டிற்குக் கொண்டுசெல்லவே வேண்டினான். அச்செய்திக்குப்பின் பீத்தோவன் திடீரென முதுமையடைந்தவர்போல் தோன்றினார் என்பர். பின்னர், அவன் நெடுநாள் விரும்பிய படைப்பணிக்கு இசைந்தார்.

அவ்வாண்டு அவர் முடித்திருந்த இசைப்படைப்பு ஒன்றுண்டு. நான்கு தந்திக் கருவிகளுக்கென அமைந்தது. ஏழு பகுதிகளும் இடைவிடாமல் தொடர்வன. அவருடைய படைப்புகளில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று என இசைவல்லார் போற்றுவது. அதனை வேறொருவர்க்கு உரிமையாக்க எண்ணியிருந்தவர், கார்லைத் தம் படைப்பிரிவில் ஏற்றுக்கொண்ட தளபதி ஷ்டுட்டர்ஹைமிற்கு அதனைக் காணிக்கையாக்கினார்.

1827 சனவரியில் கார்ல் படைக்குப் புறப்பட்டான். இருவரும் மீண்டும் சந்திக்கவில்லை. மார்ச் 26 அன்று பீத்தோவன் காலமானார். இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரவர் திரண்டனர். தீப்பந்தம் ஏந்திச் சென்றோருள் இசைமேதை ஷூபர்ட்டும் ஒருவர். உடைமையனைத்தும் கார்லுக்கே உரியதாயிற்று. அவர் 1832-இல் படையை விட்டு விலகி மணம் புரிந்துகொண்டார். பெண்மக்கள் நால்வரோடு பிறந்த ஒரே ஆண்மகனுக்கு லுட்விக் எனப் பெயரிட்டார்.